காதுகுத்து கேசட்

இது நடந்தது போன வருஷம் ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை. இடம், சிதம்பரம் மேல வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் உள்ள வீடியோ கடை. காலை பத்தரைக்கு உள்ளே போனோம், பகல் ஒன்றரைக்கு வெளியே வந்தோம். நானும் அம்மாவும் ஒரு பழைய கேசட்டைப் போட்டுக் கேட்டோம், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதைச் சொல்ல முப்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பா டிவி ஒளிபரப்பு இன்ஜினியர். டிவியில் வேலை என்றதும் செய்தி வாசிக்கிறாரா, நாடகம் எடுக்கிறாரா என்று கேட்பார்கள். அதெல்லாம் இல்லை. வெளியூரிலிருந்து வருகிற படத்தையும் சத்தத்தையும் வாங்கி, கடலூர் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கு அனுப்பி வைக்கிற ரிலே நிலையம் அது. ஒரு உயரமான டவர், அடியில் ஒரு கட்டடம், உள்ளே ஏசி அறையில் பீரோ மாதிரி நிற்கும் இயந்திரங்கள். அப்பாவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் ஷிப்ட் போட்டு அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் டிவி பார்க்க, அவர் அந்த இயந்திரங்களின் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு அப்பாதான் டிவி. ஞாயிற்றுக்கிழமை படம் நடுவில் நின்று 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' வந்துவிட்டால் நாலு பேர் எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். அப்பா டூட்டியில் இல்லாமல் வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாலும் சரி, அவர்தான் நிறுத்தினார் என்பது அவர்கள் முடிவு. அவர் எழுந்துபோய், இது மெட்ராஸிலேயே நின்றுவிட்டது, நம் பக்கம் ஒன்றும் இல்லை என்று விளக்கம் கொடுத்துவிட்டு வருவார். யாரும் நம்பினதாகத் தெரியவில்லை.

வீட்டில் அவரோடு உட்கார்ந்து டிவி பார்ப்பதும் பெரிய சோதனை. கதையைப் பார்க்கவே மாட்டார். நாடகத்தில் புருஷன் செத்துப்போய் அந்தப் பெண் தலையிலடித்துக்கொண்டு அழும்போது, "சத்தம் ஜாஸ்தியா வருது, பாரு, கொரகொரன்னுது" என்பார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "அவளுக்குத் தாலி போவுது, ஒங்களுக்குக் கொரகொரன்னுதா?" என்று கேட்பாள். 

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். ஒளிபரப்பு ஒரு நிமிஷம் நின்றாலும் நிலையத்தில் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டுமாம். எப்போது நின்றது, எப்போது வந்தது, காரணம் என்ன. இந்த மூன்றையும் அவர் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். சமையலறையில் தொங்கும் தேதி காலண்டரில் அன்றைய தாளின் ஓரத்தில் குட்டிக் குட்டி எழுத்தில் இருக்கும். 'மிக்ஸி நின்றது 11.10. ஓடியது 11.45. காரணம்: தேங்காய் பெரிய சில்லாகப் போட்டது.' போட்டது யார் என்று எழுத மாட்டார். தம்பி கீழே போட்டு உடைத்த கண்ணாடிக்கும் 'காரணம்: ஆணி சின்னது' என்றுதான் எழுதினார். ஆளைப் பிடித்துவிட்டால் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவோம் என்பது அவர் கட்சி. எனக்கோ சின்ன வயதிலிருந்தே யார், ஏன், எப்படி என்று குடைகிற புத்தி. பேர் இல்லாத அந்தக் காலண்டர் தாள்களைப் படித்துவிட்டு, யார் செய்தது என்று வீடெல்லாம் விசாரித்துக்கொண்டு திரிவேன்.

அப்படிப்பட்ட நான் ஒரு காரியம் செய்தேன்.

என் தம்பியின் காதுகுத்து சிதம்பரத்தில் அம்மா வீட்டில் நடந்தது. அப்பா ஒரு சிநேகிதரிடம் வீடியோ காமிரா இரவல் வாங்கிவந்து அவரே படம் பிடித்தார். நாற்பது நிமிஷம். எடுத்தது அவர் என்பதால் அதில் அவர் தெரியவே மாட்டார், குரல் மட்டும் வரும். "இந்தப் பக்கம் திரும்பு", "ஒளியாத, நில்லு", "வெளிச்சத்த மறைக்காதீங்க மச்சான்". அவ்வளவுதான் அவர் பங்கு. கேசட்டுக்குத் தன் கையாலேயே 'காதுகுத்து' என்று எழுதி ஒட்டி, முதுகுப் பக்கத்தில் ஓரமாக இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்தும் விட்டார். அந்தத் துண்டை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறெதுவும் பதிய முடியாது. ஆனால் அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு ஒட்டு போட்டுவிட்டால் வீடியோ மெஷின் ஏமாந்துபோய்ப் பதிந்துவிடும். இதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். ஏன், எப்படி என்று நான் கேட்டுத் துளைத்தால் பாவம் அவர் என்ன செய்வார்?

நான் ஒன்பதாவது படித்தபோது அரைப் பரீட்சை லீவில் டிவியில் நாள் பூரா சினிமாப் பாட்டு போடுவதாகச் சொன்னார்கள். பதிய ஆசை. வீட்டில் காலி கேசட் இல்லை. அப்பா டூட்டிக்குப் போயிருந்தார், அம்மா தம்பியோடு மஞ்சக்குப்பத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். காதுகுத்து கேசட் மூன்று மணி நேரக் கேசட், அதில் முக்கால் வாசி காலி என்பது எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் எல்லோரும் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தோம். அப்படியானால் டேப் காதுகுத்து முடிந்த இடத்தில்தானே நிற்கும், மேற்கொண்டு பதிந்தால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். முட்டியிலிருந்த பிளாஸ்திரியை உரித்து அந்தப் பள்ளத்தின் மேல் ஒட்டிவிட்டு, ஒன்றரை மணி நேரம் ஆசைதீரப் பதிந்தேன்.

பார்த்து முடித்த எந்தக் கேசட்டையும் முதலுக்குச் சுற்றிவிட்டுத்தான் அப்பா எடுத்து வைப்பார். வேறு யார் வீட்டிலாவது டேப் பாதியில் நின்றிருக்கும், நான் தப்பித்திருப்பேன். எங்கள் வீட்டில் அது ஒழுங்காக முதலில் இருந்தது. மறுநாள் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காதுகுத்தில் ஒரு நொடிகூட மிச்சமில்லை, எல்லாம் பாட்டு. பிளாஸ்திரியை உரித்து, பிசினை எச்சில் தொட்டுத் தேய்த்து, கேசட்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். வாயையும் மூடிக்கொண்டேன்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அதற்கப்புறம் பொங்கல் வந்தாலே எனக்கு ஆகாது. சொந்தக்காரர்கள் கூடுகிற நாளில்தானே பழைய கேசட்டைத் தேடுவார்கள்? அடுத்த பொங்கலுக்குச் சிதம்பரம் மாமா, அம்மாவின் தம்பி, வந்தவர் கேட்டேவிட்டார். அப்பா தலையைக்கூட நிமிர்த்தாமல், மெஷினில் டேப்பைப் படிக்கிற ஹெட்டு தேய்ந்திருக்கிறது, இப்போது போட்டால் டேப் கிழிந்துவிடும் என்றார். மாமா விட்டுவிட்டார். என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்த மெஷினே வழக்கொழிந்துபோனது. எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அதே செம்மண்டலத்தில் நாலு தெரு தள்ளிக் குடிவந்து, கேசட் என்ற ஒன்றையே மறந்துபோனேன்.

அப்பாவுக்கு ஓய்வுபெற்ற பிறகு பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. மூன்று வருஷம் சாடையிலும் காலண்டர் தாளிலும் குடித்தனம் நடத்தினார். கடைசியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷங்களில்தான் அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். கூடத்தில் அப்பா படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தோம். வந்தவர்கள் எல்லாம் படம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "படத்த நீங்கதான் பாக்கறீங்க. நான் என்னாத்த பாக்கறது? அவரு கொரல் எங்கியாச்சும் இருந்தா எடுத்துக் குடுடி."

ஒளிபரப்பு இன்ஜினியர் வீட்டில் அவர் குரல் கிடைக்காமலா போகும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. பேச்சு போவதற்கு முன் அவரிடம் இருந்தது பட்டன் போன். எங்கள் போன்களில் இருந்த வீடியோக்களில் பேரப்பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், அவர் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். தம்பி கல்யாண வீடியோவில் ஒரு இடத்தில் அப்பா யாரிடமோ அரை நிமிஷம் பேசுகிறார். வாய் அசைகிறது. ஆனால் வீடியோ எடுத்தவர் முழு நீளத்துக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார். தம்பி வெளியூரிலிருந்து போனில், உதடு அசைவை வைத்துக் குரல் செய்ய ஏதோ வந்திருக்கிறதாம் என்றான். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

"காதுகுத்து கேசட்டு இருக்கணுமே."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். அது எங்கே போச்சோ, அத்தனை வருஷம் ஆச்சே, பூசணம் பிடித்திருக்குமே என்று சொல்லிப் பார்த்தேன். பரண் மேல் தகரப் பெட்டியில் பார் என்றாள். பூசணம் பிடித்திருக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை, நடுவில் மாத்திரை டப்பாக்களில் ஈரம் இழுக்கப் போடுவார்களே, அந்தச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் எட்டு. கேசட் புதுசு மாதிரி இருந்தது. மனுஷன் கெட்டிக்காரர் என்று சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

அம்மா நச்சரிக்கவில்லை. வாரத்துக்கு ஒருதரம் கேட்பாள், அவ்வளவுதான். நான் ஆபீஸ், ஆடிட், பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒன்பது மாதம் ஓட்டினேன். வருஷ திவசம் நெருங்கியது. சிதம்பரம் மாமா ஒருநாள் போன் செய்து, இங்கே ஒரு கடையில் பழைய கல்யாணக் கேசட்டையெல்லாம் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று அம்மாவிடமே நேராகச் சொல்லிவிட்டார். இனி ஓட முடியாது. நான் மட்டும் போய் வருகிறேன் என்றேன். அம்மா முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கடலூர் தாண்டும்போது ஆலப்பாக்கம் வரட்டும் என்று நினைத்தேன். ஆலப்பாக்கம் வந்ததும் புதுச்சத்திரம் வரட்டும் என்று நினைத்தேன். அம்மா கேசட் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தால் வாய் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை ஓரத்தில் எங்காவது ஒரு துணுக்கு மிச்சமிருக்குமோ? ஒரு "இந்தப் பக்கம் திரும்பு" போதுமே.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். சின்ன அறை, சுவரெல்லாம் பழைய மெஷின்கள். கேசட்டைக் கையில் வாங்கியதும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தார், பூசணம் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். பிறகு முதுகைத் திருப்பினார்.

"அக்கா, இது மேல வேற என்னவோ பதிஞ்சிருக்காங்க போலருக்கே. ஒட்டு போட்டு எடுத்திருக்காங்க பாருங்க."

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. கடைக்காரர் விடவில்லை, விளக்குக்கு நேராகப் பிடித்து நகத்தால் சுரண்டினார்.

"ஒரு தபா இல்ல, ரெண்டு தபா. இது பிளாஸ்திரி பிசினு. அதுக்கு மேல இந்த மஞ்சக் கோடு செல்லோ டேப்பு."

பயத்தின் நடுவிலும் என் புத்தி அங்கே ஓடியது. பிளாஸ்திரி நான் ஒட்டியது. செல்லோ டேப்பை நான் தொடவே இல்லையே. இரண்டாவதாகப் பதிந்தது யார்?

மெஷினைத் துடைத்து, கேசட்டைப் போட்டார். பாட்டு வந்தது. படம் மங்கலாக நெளிந்தது, பாட்டு மட்டும் நன்றாகவே கேட்டது. அம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் பாட்டு முடிந்து விளம்பரம் வந்து, இரண்டாவது பாட்டும் ஆரம்பித்தது. கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அம்மா, இதுல காதுகுத்து இல்லம்மா. நான்தான் அழிச்சேன். பாட்டு பதியறேன்னு, தெரியாம."

சொன்னபோது நாற்பத்து நாலு வயதுப் பொம்பளை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அழுதேன். கடைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார், நல்ல மனுஷன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

"சொல்லிட்டியா," என்றாள். "சரி, பாட்டக் கேளு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபமா, மனசு விட்டுப்போச்சா? அவள் கடைக்காரரைக் கூப்பிட்டு மூன்று டீ சொல்லச் சொன்னாள். அவர் வந்து, வேகமாக ஓட்டிப் பார்க்கட்டுமா அம்மா என்று கேட்டார். "வேணாம் தம்பி, அது பாட்டுக்கு ஓடட்டும்," என்றாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் ஆசையாகப் பதிந்த பாட்டுகள்தான், ஒவ்வொன்றும் முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நடுவில் ஒரு பழைய சோப்பு விளம்பரத்துக்கு அம்மா சிரிக்கக்கூடச் செய்தாள்.

கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தது. அன்றைக்கு அம்மா துணிக்கடையிலிருந்து திரும்பிவந்து கதவைத் தட்டினதும் நான் நிறுத்திய இடம். திரை முழுக்கப் பொரி மாதிரி வெள்ளைப் புள்ளிகள், இரைச்சல். முடிந்தது என்று கடைக்காரர் கையை நீட்டினார். அப்போது திரையில் பளிச்சென்று வண்ணப் பட்டைகள் வந்தன. மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு என்று வரிசையாக. கூடவே 'பீ...' என்று ஒரே சீரான சத்தம். சின்ன வயதில் நிலையத்துக்குப் போனபோது பார்த்திருக்கிறேன், படமும் சத்தமும் சரியாகப் போகிறதா என்று சோதிக்க அவர்கள் போடுவது. "இது ஸ்டேஷன்ல போட்டதாச்சே," என்று கடைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

சத்தம் நின்றது. பட்டைகள் அப்படியே இருந்தன. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

அந்தக் கனைப்பிலேயே அம்மாவின் கை என் கையைத் தேடி வந்துவிட்டது.

பதிவேட்டைப் படிக்கிற குரலில் அப்பா பேசினார். "காதுகுத்து கேசட். தடங்கல் எப்ப ஆச்சுன்னு தெரியல. கண்டுபிடிச்சது சனிக்கிழமை சாயங்காலம். கேசட் சுத்தாம பாதியில இருந்துது, அதனால தெரிஞ்சுது. பழசத் திரும்ப எடுக்க முடியுமான்னு ஸ்டேஷன்ல ரெண்டு நாள் பாத்தாச்சு. முடியாது. காரணம்..." 

மறுபடி கனைப்பு.

"காரணம், ஒரே ஒரு கேசட்டுதான் இருந்துது. நகல் எடுத்து வெச்சிருக்கணும். எடுக்காதது நான்."

அத்தனை வருஷம் அத்தனை காலண்டர் தாள்களில் ஒரு ஆளைக்கூட எழுதாத மனுஷன், காரணமாகச் சொன்ன ஒரே ஆள் அவரேதான். நான் செய்த தப்புக்கு.

அதோடு முடியவில்லை. பாட்டுகளை அழிக்கவில்லை, பாப்பா ஆசையாகப் பதிந்தது, அது இருக்கட்டும் என்றார். பாப்பா நான்தான். பிறகு, காதுகுத்தில் என்னென்ன இருந்தது என்பது ஞாபகம் இருக்கும்போதே சொல்லிவைக்கிறேன் என்று ஆரம்பித்து, முதல் நிமிஷத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். மாமனார் வீட்டு வாசல், பந்தலில் இடது பக்க வாழை மரம் சாய்ந்திருக்கிறது. உள்ளே மச்சான் மடியில் பையன், தலையில் சந்தனம் சரியாகப் பூசவில்லை, காதோரம் திட்டாக இருக்கிறது. ஆசாரி ஊசியை எடுத்ததும் பையன் மச்சான் கையைக் கடிக்கிறான், மச்சான் சிரிக்கிறார், ஆனால் கண்ணில் தண்ணீர். பாப்பா ரெட்டைச் சடையோடு காமிராவுக்கு முன்னால் ஆறு தடவை குறுக்கே போகிறாள், ஆறாவது தடவை லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கிறாள், முகம் முழுக்க மூக்காகத் தெரிகிறது. இருபத்து மூன்றாவது நிமிஷத்தில் படம் கோணல், காரணம் யாரோ பாயாச வாளியோடு இடித்தது.

கடைக்காரர் சிரித்தார். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் அசையவில்லை.

"பாப்பா அம்மா மாம்பழக் கலர் பட்டு. நாலு தடவ காமிராவ அவங்க பக்கம் திருப்பினேன், நாலு தடவையும் முகத்தத் திருப்பிக்கிட்டாங்க. அஞ்சாவது தடவ, காது குத்தி முடிஞ்சு பையன வாங்கும்போது, காமிரா இருக்கறத மறந்துட்டு சிரிச்சாங்க. ரெண்டு செகண்டு இருக்கும். பின்னால ஜன்னல், அதனால முகம் கொஞ்சம் இருட்டு. அந்த ஜன்னல மூடிட்டு எடுத்திருக்கலாம், அது என் தப்பு. இருந்தாலும் அந்த ரெண்டு செகண்டு நல்லா வந்திருந்துது."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பார்வை இல்லாத கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஒழுங்காக வந்தது.

பத்தொன்பது நிமிஷம் பேசியிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தொடர்ந்து பேசியதே அதுதான் அதிகம் என்று அம்மா பிறகு சொன்னாள். கடைசியில் மறுபடி பதிவேட்டுக் குரலுக்குத் திரும்பினார். "இவ்வளவுதான் இருந்துது. யாரையும் எதுவும் கேக்க வேணாம்னு வீட்ல சொல்லியிருக்கேன். பாப்பா அதுவா வந்து சொன்னா, இதப் போட்டுக் காட்டணும். படம் சரி. சத்தம் சரி."

பட்டைகள் மறைந்து பொரி வந்தது. கடைக்காரர் மெஷினை நிறுத்தினார்.

நான்தான் கேட்டேன், "ஒனக்கு எல்லாம் தெரியுமாம்மா?"

"தெரியும். ஏதோ பேசி வெச்சிருக்கேன்னு சொன்னாரு. நான் போட்டுக் கேட்டதில்ல. அப்ப எனக்குக் கண்ணும் இருந்துது, அவரும் இருந்தாரு. கேசட்டு எதுக்கு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தாரு. பொங்கல் வந்தா கேப்பாரு, புள்ள ஏதாச்சும் சொல்லிச்சான்னு. ஒனக்குக் கல்யாணம் ஆன வருஷம் வரைக்கும் கேட்டாரு. அப்புறம் கேக்கல."

அம்மா இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன ஆச்சு என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். எனக்குத்தான் உள்ளே என்னவோ இடிந்து விழுந்தது. ஹெட்டு தேய்ந்துவிட்டது என்று மாமாவிடம் அவர் சொன்னது என் அதிர்ஷ்டம் இல்லை. அந்தப் பொட்டலங்கள் எட்டும் சும்மா போட்டதில்லை. பக்கவாதம் வந்த மூன்று வருஷமும் தினம் ஆபீஸ் விட்டு மஞ்சக்குப்பத்திலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு வருவேன். அவரால் பேச முடியாது, என்னால் முடிந்தது. ஒரு நிமிஷம் போதும். ஒன்பதாவது படிக்கும்போது நான் ஒரு வேலை செய்தேன் அப்பா என்று சொல்லியிருந்தால், அந்த மனுஷன் சாடையால் பரணைக் காட்டியிருப்பார். காலண்டர் தாளில்கூட எழுதியிருப்பார். அவர் இருக்கும்போதே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் குரலைக் கேட்டிருப்பேன்.

கடைக்காரரிடம் நாலு நகல் எடுத்துத் தரச் சொன்னேன். நாலு எதுக்கு அக்கா என்றார். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று தம்பிக்கு, ஒன்று மாமாவுக்கு, ஒன்று எனக்கு. அப்பா எடுக்காமல் விட்ட நகல் என்று சொன்னதும் அவருக்குப் புரிந்தது.

கடையை விட்டு வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். கீழ வீதியில் மாமா வீட்டில் சாப்பாடு. வழியில் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. ஒருவேளை நான் அன்றைக்கு அழிக்காமல் இருந்திருந்தால் அம்மாவுக்கு இன்றைக்கு என்ன கிடைத்திருக்கும்? "இந்தப் பக்கம் திரும்பு", "வெளிச்சத்த மறைக்காதீங்க". படத்தை அவளால் பார்க்க முடியாது. இப்போதோ வாழை மரம், சந்தனத் திட்டு, மாம்பழக் கலர் பட்டு, அந்த இரண்டு செகண்ட் எல்லாம் அவளிடம் இருக்கிறது. அப்படியானால் நான் செய்தது நல்லதா என்று அம்மாவையே கேட்டேன்.

"ரொம்பத்தான். செஞ்சது தப்பு. அவரு அத நல்லதாக்கிட்டாரு. ஒனக்கு அதுல பங்கு கெடையாது," என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

இப்போது தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் அம்மாவுக்கு அந்தப் பத்தொன்பது நிமிஷம் வேண்டும். சில நாள் பாட்டோடு சேர்த்தே போடச் சொல்கிறாள். போன மாதம் என் மகள் லேப்டாப் மேல் காப்பியைக் கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அரை மணியிலேயே தெரிந்துவிட்டது, யார் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. காலண்டரில் 'காரணம்: டம்ளருக்கு மூடி இல்லை' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். நாலாம் நாள் வந்து சொன்னாள். என் பிள்ளைக்கு நாலு நாளில் வந்த வார்த்தை எனக்கு வர முப்பது வருஷம் ஆயிற்று, கேட்க வேண்டியவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது என்பதை, அந்தக் கேசட்டில் அப்பா தொண்டையைக் கனைக்கிற ஒவ்வொரு சாயங்காலமும் நினைத்துக்கொள்கிறேன்.